கரை எங்கிட்டு இருக்கு

கோட்டைப்பட்டினத்துக்கு எப்படிப் போவது என்று தேடுகிறவர்கள் பஸ்ஸைப் பற்றித்தான் கேட்பார்கள். புதுக்கோட்டையிலிருந்து நேர் பஸ் உண்டா, அறந்தாங்கியில் மாற வேண்டுமா, தங்க லாட்ஜ் கிடைக்குமா. ஒரு பயண இணையதளத்தில் ஃபெமினா எழுதிய பக்கத்துக்கு எதைத் தேடி ஆட்கள் வந்தார்கள் என்று காட்டும் அறிக்கையில் அன்றைக்கும் அதெல்லாம்தான் இருந்தது. கடைசி வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது.

‘கடலுக்குள்ள இருந்து கோட்டப்பட்டினம் வார வழி.’

புதுக்கோட்டையில் சின்னதாக ஓர் ஆபீஸ் வைத்து, கம்பெனிகளின் இணையதளங்களைத் தேடலில் முன்னுக்குக் கொண்டுவரும் வேலையை எடுத்துச் செய்கிறவன் பாலாஜி. கோட்டைப்பட்டினத்தில் வீட்டிலிருந்தபடியே அவனுக்குக் கட்டுரை எழுதித் தருபவள் ஃபெமினா. அந்தப் பயணத் தளமும் அப்படி வந்ததுதான். அவள் போன் செய்து சொன்னபோது அவன் சிரித்தான்.

“எவனாச்சும் கிறுக்கன் போட்டுருப்பான்க்கா. அதையெல்லாம் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காதீங்க. சாப்பிட்டீங்களா?”

சாப்பிட்டதாகப் பொய் சொன்னாள். ஆவணியில் புருஷன் ஆண்ட்ரூஸின் படகு கவிழ்ந்ததிலிருந்து எல்லோரும் அவளிடம் இதைத்தான் கேட்கிறார்கள். கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள். ஆண்ட்ரூஸ் வரவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. இறந்தவர்களுக்கு வைக்கும் ஆன்ம இளைப்பாற்றிப் பூசைக்குச் சர்ச் சாமியார் நாள் கேட்டு அனுப்பினால், அவருக்கு என்ன, வருவாரு என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

மறுநாள் அறிக்கையில் இன்னொரு வரி இருந்தது. ‘ஒரே இருட்டா இருக்கு கரை எங்கிட்டு இருக்கு.’

ஆண்ட்ரூஸுக்கு டைப் அடிக்கச் சோம்பல். போனை வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஆள் நிற்பதுபோல் பேசித்தான் எதையும் தேடுவான். கடலுக்குப் போகும்போது பாலிதீன் கவரில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொள்வான். அந்தப் போனும் அவனோடுதான் போயிற்று. ஃபெமினா திரையைத் தொட்டாள், அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ஐயோ, வழி தெரியாமத்தானே நிக்கிறாரு. இத்தனை நாளாக வழி கேட்டுக்கொண்டு நிற்கிறாரே.

அன்றே அந்தத் தளத்தில் ஒரு புதுப் பக்கம் எழுதினாள். ‘ஆண்ட்ரூஸ், நான் ஃபெமினா. நான் இங்கதான் இருக்கேன், வாங்க’ என்று தொடங்கி, படகு கட்டும் ஜெட்டியிலிருந்து வீடு வரைக்கும் வழி சொன்னாள். நாலைந்து நாள் பார்த்தாள். பக்கத்தை ஒருவரும் திறக்கவில்லை. அறிக்கையில் கேள்வி மட்டும் வந்துகொண்டிருந்தது.

“தம்பி, ஒரு பக்கம் எழுதுனேன், மேல வரவே மாட்டேங்குது” என்றாள் போனில்.

“பேரு, சொந்தக் கதைன்னு ஏதும் போட்டீங்களா?”

“ஆமா.”

“தூக்கிருங்கக்கா. தேடுறவன் என்ன வார்த்தையில கேக்குறானோ அதையே தலைப்பா வைங்க. எல்லாருக்கும் பொருந்துற மாதிரி எழுதுங்க.”

“எல்லாருக்குமா?”

“பின்ன? ஒரு ஆளுக்காகவா பக்கம் போடுறோம்? தேடுனா நம்ம பக்கம் மொதல்ல நிக்கணும்க்கா. ரெண்டாம் பக்கத்துக்கு எவன் போறான்?”

சொன்னபடி செய்தாள். ஆண்ட்ரூஸ் என்ற பெயரை அழிக்குமுன் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். தன் பெயரை அழிக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. மேலே ‘கடலுக்குள்ளிருந்து வீட்டுக்கு வருவது எப்படி?’ என்று தலைப்பு வைத்தாள். கீழே, ஜெட்டியில் ஏறி வலது பக்கம் திரும்பவும், ஐஸ் கம்பெனி தாண்டினால் நீலக் கதவு, கதவு திறந்திருக்கும், சோறு இருக்கும் என்று எழுதினாள். அதன்பிறகு இரவிலும் கதவைச் சாத்தவில்லை.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், கரண்டு போய், வானம் தாழ இறங்கி, விளக்கு வைக்கும் நேரம்போல வீடு இருட்டிக் கிடக்க, சோற்றை வடித்து மூடி வைத்துவிட்டு மிச்சமிருந்த பேட்டரியில் லேப்டாப்பைத் திறந்தவளின் மூக்கில் டீசலும் ஈர வலையும் கலந்த வாசனை வந்து முட்டியது. அவன் சட்டையின் வாசனை. அறிக்கையில் அவள் பக்கம் முதலிடத்தில் இருந்தது. திறந்திருக்கிறார்கள். நிறையப் பேர் திறந்திருக்கிறார்கள்.

வாசலில் மழைச்சத்தத்துக்கு நடுவே வேறொரு சத்தம் கேட்டது. ஈரக் கால் தரையில் ஒட்டிப் பிரியும் சத்தம். அது படியேறி நின்றது. ஃபெமினா ஓடினாள்.

ஆண்ட்ரூஸ் இல்லை. மீசை அரும்பாத பையன் ஒருவன். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் மணல் அப்பியிருந்தது.

“நீலக் கதவு இதானேக்கா?”

அவன் தலையைக் குனிந்து, மரியாதையாக அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் கோவணம் கட்டிய பெரியவர் ஒருவர். அவர் காலத்தில் போனே கிடையாது. அவருக்குப் பின்னால் கைக்குழந்தையை மாரோடு அணைத்த ஒரு பெண். குழந்தை அழவில்லை. அதற்குப் பின்னாலும் ஆட்கள். ஐஸ் கம்பெனிச் சுவரோரமாக வரிசையாக நனைந்துகொண்டு, தள்ளாமல், முந்தாமல் வந்தார்கள்.

ஒவ்வொரு முகமாகத் தேடினாள். மீன் தின்ற முகங்கள். ஊதிய முகங்கள். பயந்துகொண்டேதான் பார்த்தாள். பார்க்காமல் விட்ட முகம் அவனுடையதாக இருந்துவிட்டால்? இது இல்லை. இதுவும் இல்லை.

“ஆண்ட்ரூஸ் வரலையா? படகு டிரைவரு. வலது புருவத்துல தழும்பு இருக்கும். யாராச்சும் பாத்தீங்களா?”

பெரியவர்தான் பதில் சொன்னார். பேசும்போது வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது.

“நிக்கிறாருத்தா. வாங்கன்னு கூப்பிட்டோம். அவரு வேற என்னத்தையோ கேட்டுக்கிட்டு அங்கயே நிக்கிறாரு.”

“என்ன கேக்குறாரு?”

அவருக்குத் தெரியவில்லை. ஃபெமினா லேப்டாப்புக்கு ஓடினாள். நடுவீடு நிறைந்திருந்தது. பந்திக்கு உட்கார்ந்ததுபோல் வரிசையாக உட்கார்ந்து, மூடிய சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறிக்கையைக் கடைசி வரைக்கும் தள்ளினாள். அங்கே இருந்தது. ஒரே கேள்வி. திரும்பத் திரும்ப.

‘ஃபெமினா எங்க இருக்கா.’

‘ஃபெமினா எங்க இருக்கா.’

வழி கேட்பதை அவன் எப்போதோ விட்டிருந்தான். அவளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கேள்விக்கு அவள் பக்கம் எங்கோ கடைசியில் காட்டப்பட்டதாக அறிக்கை சொன்னது. அவன் அதுவரை போகவில்லை. பக்கத்தில் அவள் பெயர் இல்லை. அவள்தான் எடுத்தாள்.

பக்கத்தைத் திறந்து ‘ஃபெ’ என்று அடித்தாள். தோளுக்கு மேல் யாரோ குனிந்து திரையைப் பார்த்தார்கள். குளிர்ந்த நீர். கீபோர்டில் வழிந்தது. துடைத்தாள். இன்னும் வழிந்தது. திரை ஒருமுறை மினுங்கி அணைந்தது.

“சோறு இருக்குன்னு போட்டிருந்துச்சு” என்றாள் குழந்தைக்காரி, மெதுவாக.

ஃபெமினா வாசலுக்கு வந்தாள். படியில் ஏறியவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மழையில் இறங்கி, ஜெட்டி வரைக்கும் ஓடி, கடலைப் பார்த்து நின்று, தொண்டை கிழியக் கூப்பிட்டாள். அவன் பெயரை அல்ல.

“ஃபெமினா! ஏங்க, ஃபெமினா இங்க இருக்கேன்! ஃபெமினா!”

கண்ணுக்கு எட்டிய மட்டும் கருத்த தண்ணீரில் தலைகள் எழுந்து வந்துகொண்டிருந்தன. அவளைக் கடந்து, வலது பக்கம் திரும்பிப் போயின. அவள் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே, தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.