சிரித்த சீமாட்டி

செவில் நகரத்துத் துப்பறிவாளர் பால்டோமெரோவின் மேசைமேல் எவுலாலியா அந்த ஓவியத்தைச் சாய்த்து வைத்ததும், உதவியாளன் நிக்காசியோ ஆவலோடு எட்டிப் பார்த்தான். கொலையோ களவோ வரும் என்று காத்திருந்தவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. காளைச் சண்டை பார்க்கும் சீமாட்டிகள் நாலு பேர், காளையையே காணோம்.

"நடுவுல பல்லைக் காட்டிச் சிரிக்கிறாங்களே, அவங்கதான் எங்கம்மா," என்றாள் எவுலாலியா. "எங்கப்பா காளைச் சண்டை வீரர். அவரைக் காளை குத்திக் கொன்ன அன்னிக்கு, ஓவியர் நேர்ல பார்த்து வரைஞ்சது. மத்த மூணு பேரும் கைக்குட்டையை எடுத்துட்டாங்க. இவங்க மட்டும் சிரிக்கிறாங்க. இதைக் காட்டித்தான் அத்தை அம்மாவை வீட்டை விட்டுத் துரத்தினாங்க. நாளைக்கு எனக்குக் கல்யாணம். அம்மா என் பின்னாலயே வந்து கீழ சதுக்கத்து பெஞ்சில உக்காந்திருக்காங்க. கூப்பிடறதா, போகச் சொல்றதா? ஒண்ணுமே புரியலை ஐயா."

நிக்காசியோவுக்கும் தலை சுற்றியது. புருஷன் சாகும்போது சிரிப்பா? "மடியில கறுப்புப் பூனை வேற! கல்நெஞ்சுக்காரிதான் ஐயா."

"நீ காளைச் சண்டை பார்த்திருக்கியாடா?"

"நான் வடக்குக் கடற்கரைக்காரன். எங்க ஊர்ல மாடுன்னா பால் கறக்கத்தான்."

"நீங்கம்மா?"

"அத்தை அந்தப் பக்கமே விட்டதில்லை. பாவம்னு அவங்களும் போனதில்லை."

பால்டோமெரோ மீசையைத் தடவிக்கொண்டார். "ஒவ்வொரு வீரனுக்கும் ரெண்டு காளை. அப்பாவைக் குத்தினது எது?"

"ரெண்டாவது."

"அழறவ கைக்குட்டையைக் கண்ணுக்குக் கொண்டுபோவா. இந்த மூணு பேரும் தலைக்கு மேல வீசறாங்க. காளையை நல்லா வீழ்த்தினவனுக்கு அதோட காதைப் பரிசாக் குடுங்கன்னு கூட்டம் கேக்கறது இப்படித்தான்."

"வேற வீரனுக்கா இருக்கலாமே?" நிக்காசியோ விடவில்லை.

"அதுக்குத்தான் உன் பூனை. அது வீரனோட தொப்பிடா! காளையை யாருக்குச் சமர்ப்பிக்கிறானோ, அவங்ககிட்ட தொப்பியை வீசுவான். காளை விழுந்ததும் வந்து வாங்கிக்குவான். புருஷன் குத்துப்பட்டுக் கிடக்கும்போது எவன் அந்தப் பெண்டாட்டிக்குத் தொப்பி வீசுவான்? இது இவங்கப்பாவோட முதல் காளை விழுந்த நேரம்."

எவுலாலியா ஓவியத்தையே பார்த்தாள். "அப்போ அப்பா உயிரோட..."

"எதிர்லயே நிக்கிறாரும்மா. தொப்பியை வாங்க வந்துட்டிருக்கார். அதுக்குத்தான் அந்தச் சிரிப்பு."

எத்தனை வருஷம் அந்த முகத்தை வெறுத்திருக்கிறாள்! பால்கனிக்கு ஓடினாள். கன்னத்தில் ஓடிய கண்ணீரைத் துடைக்காமல், கைக்குட்டையை உருவித் தலைக்கு மேலே உயர்த்தி வீசினாள்.

கீழே, பெஞ்சில் இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெல்ல எழுந்து, வாசலை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.