இரண்டாவது எண்ணிக்கை

வாயாடி அந்த நரம்பு ஆராய்ச்சி லேப்பில் ரிசர்ச் அசோசியேட்டாகச் சேர்ந்த அன்றைக்கு நல்ல வெயில். காலை பத்து மணி. பேய் பிசாசு யாருக்கும் ஞாபகத்துக்கு வராத நேரம். மூன்றாவது மாடியில் நீளமான வராந்தா, இரண்டு பக்கமும் கண்ணாடிக் கதவுகள், உள்ளே வெள்ளைக் கோட்டுகள். ஏதோ ஒரு மிஷின் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. வராந்தாவின் கடைசியில் மட்டும் ஒரு கருப்புக் கதவு. அதுதான் மைக்ராஸ்கோப் அறை. சாயம் ஏற்றிய நரம்பு செல்கள் பச்சையாக ஒளிர்வதைப் பார்க்க வேண்டுமென்றால் சுற்றிலும் இருட்டாக இருந்தாக வேண்டும். அதனால் அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. வெளியே மண்டை பிளக்கிற வெயில் அடித்தாலும் உள்ளே கும்மிருட்டுதான்.

வாயாடி என்பது அவள் அக்கா வைத்த பெயர். முதல் வாரமே அக்கா போனில் "என்னடி வாயாடி" என்று கத்தியது பக்கத்து மேஜை வரைக்கும் கேட்டுவிட்டது. அப்புறம் லேப் முழுக்க அதுதான் பெயர். பொருத்தமில்லை என்று யாரும் சொல்லவில்லை.

வேலை என்னவோ எளிமையானதுதான். எலிகளின் முதுகுத்தண்டை மெல்லிசாகச் சீவி இருபத்துநாலு ஸ்லைடில் ஒட்டியிருந்தார்கள். பாதி எலிகளுக்குப் புது மருந்து போட்டிருந்தது, மீதிப் பாதிக்கு வெறும் உப்புத்தண்ணீர். கை கால்களை அசைக்கிற நரம்பு செல்கள் எத்தனை பிழைத்திருக்கின்றன என்று எண்ண வேண்டும். எது மருந்து ஸ்லைடு என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் ஆசைப்பட்ட பக்கம் சாய்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு ஸ்லைடிலும் எழுத்தை மறைத்துக் கருப்பு டேப். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணுவார்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் டேப்பைப் பிரிப்பார்கள்.

முதல் எண்ணிக்கையை முடித்தவர் கழுகு சார். கண் அவ்வளவு கூர்மை என்று எல்லாரும் வைத்த பெயர். அதை முடித்த மறுநாள் மாடிப்படியில் மாரடைத்து விழுந்து இறந்துபோனார். ஆறு மாதம் ஆகிறது. அவர் எழுதிய எண்கள் ஒட்டிய உறைக்குள், லேப் தலைவியான மேடத்தின் அலமாரியில் பூட்டிக் கிடந்தன. இரண்டாவது எண்ணிக்கை வாயாடி தலையில் விழுந்தது.

"மேடம், ஒண்ணு சொல்லிடறேன்," என்றாள் அவள். "இந்த மருந்து அடுத்த மாசம் ஆளுங்களுக்குக் கொடுக்கப் போறாங்கல்ல? அந்த லிஸ்ட்ல எங்க அக்கா இருக்கா."

மேடம் ஸ்லைடுப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். "அதுக்குத்தானே டேப் ஒட்டியிருக்கு. நீ பாட்டுக்கு எண்ணு."

அக்காவுக்கு இரண்டு வருஷமாகக் கால் விளங்கவில்லை. நோய் மெல்ல மெல்ல மேலே ஏறும் என்று சொல்லியிருந்தார்கள். கை மட்டும் இன்னும் தெம்பாக இருந்தது. தானே சாப்பிடுவாள், தானே தலை வாருவாள், தங்கை வாய் நீண்டால் தலையணையை எறிவாள். அந்த மருந்து வேலை செய்ய வேண்டும் என்று வாயாடி வேண்டாத நாள் இல்லை.

முதல் ஸ்லைடை வைத்தாள். ஒரு செல்லைப் பார்த்தால் கை கவுண்ட்டரில் டிக்கென்று ஒரு அழுத்தல், எண் ஒன்று ஏறும். முடித்துவிட்டுப் பார்த்தால் ஐம்பத்தெட்டு. ஆனால் அவளுக்கு மிஷின்மேல் நம்பிக்கை வராது. கூடவே தாளில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வருவாள். கோடு நாற்பத்தொன்றுதான் இருந்தது.

"நாசமாப் போன கவுண்ட்டர்," என்று திட்டிவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்து வந்தாள். அதுவும் ஐம்பத்தெட்டு என்றது.

மூன்று நாள் எண்ணினாள். பன்னிரண்டு ஸ்லைடில் கோடும் கவுண்ட்டரும் அச்சாகப் பொருந்தின. மற்ற பன்னிரண்டிலும் கவுண்ட்டர் தன் பாட்டுக்கு ஏறியிருந்தது. எல்லா ஸ்லைடையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து திருப்பிப் பார்த்தாள். இருபத்துநாலிலும் கருப்பு டேப்பின் ஒரு மூலையை மட்டும் யாரோ நகத்தால் கிளப்பிப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். பசையில் தூசி அப்பியிருந்தது. இவளுக்கு முன்னால் இந்த ஸ்லைடுகளைத் தொட்டவர் ஒரே ஒருவர்தான்.

"மேடம், கழுகு சார் கிராம்பு மெல்லுவாரா?"

"பல்வலிக்கு. எப்பவும் வாயில இருக்கும். உனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அந்த அறைக்குள் மூன்று நாளாக அதே வாசனை.

நாலாம் நாள் பன்னிரண்டையும் மறுபடி எண்ண உட்கார்ந்தாள். இந்தத் தடவை கவுண்ட்டரே வேண்டாம் என்று அதை மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினாள். விளக்கை அணைத்தாள். மைக்ராஸ்கோப் கண்ணாடிக்குள் பச்சைப் புள்ளிகள் எழுந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. மிஷின் உறுமல்கூடக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டது. கிராம்பு வாசனை மூக்கைப் பிடித்தது.

டிக்.

டிராயருக்குள்ளிருந்து வந்தது.

டிக். டிக். டிக்.

அவள் காதுக்கு வெகு அருகில், பிடரி மயிர் சிலிர்க்கிற தூரத்தில், ஒரு குரல்.

"ஐம்பத்தெட்டும்மா. எழுதிக்கோ."

கதவு நாலு எட்டில்தான் இருந்தது. அந்த நாலு எட்டு அவளால் வைக்க முடியவில்லை.

"உங்க அக்கா நடப்பாங்க."

ஐயோ, அந்த ஒரு வார்த்தைதான் அவளை உலுக்கிவிட்டது. எழுதினால் என்ன? ஒத்துப்போய்விடும். மருந்து வந்துவிடும். பென்சில் தாளின்மேல் ஐந்தின் தலையைப் போட்டேவிட்டது. அப்போது அவளுக்கு அக்காவின் கை ஞாபகம் வந்தது. மிச்சமிருப்பது அந்தக் கை ஒன்றுதான். இந்த மருந்து இருக்கிற செல்லையும் தின்கிற மருந்தாக இருந்தால்? பயம் போன இடம் தெரியவில்லை. அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அப்படி ஒரு கோபம்.

"யோவ்!" என்று கத்தினாள். "உனக்குப் பேரு வேணும்னு டேப்பைப் பிரிச்சுப் பாத்துட்டு எண்ணினியா? செத்தும் பொய்க்கணக்கு சொல்ல வந்துட்டியே, வெக்கமா இல்ல?"

விளக்குப் பொத்தானைத் தட்டினாள். எரியவில்லை. வேண்டாம், பச்சை எரிந்தால் போதும். வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு." அந்தக் குரலும் கூடவே எண்ணியது, இரண்டு எண் முந்திக்கொண்டு. இவள் குழம்பினாள். முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி குழம்பினாள். மறுபடி முதலிலிருந்து.

பென்சில் பிடித்த கையின்மேல் ஐஸ்கட்டிபோல ஐந்து விரல்கள் வந்து படிந்தன.

"கையை எடுய்யா."

எடுக்கவில்லை. அந்தப் பாரத்தோடேயே நாற்பத்தொன்று என்று எழுதினாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. இப்படியே பன்னிரண்டு ஸ்லைடையும் முடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

மேடம் உறையைப் பிரித்தார். பன்னிரண்டு எண்கள் உதைத்தன. அவளுடைய நாற்பத்தொன்றுக்கு எதிரே ஐம்பத்தெட்டு. "கழுகு தப்பா எண்ண மாட்டாரே," என்றார் மேடம். "மூணாவது எண்ணிக்கை நானே பாக்கறேன்." கருப்புக் கதவு மூடியது. திறந்தபோது சாயங்காலம். மேடத்தின் முகம் வியர்வையில் நனைந்திருந்தது. அவர் கோட்டிலும் கிராம்பு வாசனை. மேடத்தின் தாளில் முதல் எண் நாற்பத்தொன்று.

டேப்பைப் பிரித்தார்கள். பன்னிரண்டும் மருந்து. உப்புத்தண்ணீர் எலிகளுக்கு எல்லாம் ஐம்பதுக்கு மேல். மருந்து செல்லைக் காப்பாற்றவில்லை, தின்றிருக்கிறது. மேடம் போனை எடுத்து, "யாருக்கும் அந்த மருந்து போகக் கூடாது," என்றார்.

வாயாடி வீட்டுக்குப் போனபோது அக்கா கட்டிலில் சாய்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் இன்னும் படுக்கையில் விழுந்துகொண்டிருந்தது.

"மருந்து இல்லக்கா," என்று சொல்லிவிட்டு விசும்பி விசும்பி அழுதாள். நடந்ததை எல்லாம் கொட்டினாள்.

அக்கா சீப்பை நிறுத்தினாள். "ஓஹோ. அந்த ஆளு அதுக்குத்தான் வந்தானா?"

"எந்த ஆளு?"

"நாலு நாளா மத்தியானம் மத்தியானம் வந்து என் கால்மாட்டுல உக்காருறான். கதவு திறக்கிற சத்தமே கேக்காது. உன் தங்கச்சிகிட்ட எழுதச் சொல்லு, நீ நடப்பேங்கறான். நீ பயந்துக்குவேன்னுதான் சொல்லல."

"நீ பயப்படலையா?"

"பயப்படாம என்ன? எழுந்து ஓட முடியுமா என்னால? அதான் சீப்பால ஒண்ணு வெச்சேன்."

வாயாடிக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

அக்காவின் கால்மாட்டில் மெத்தை மெல்ல அழுந்தியது. விரிப்பு சுருங்கி, ஒரு ஆள் உட்காருகிற அளவுக்குப் பள்ளம் விழுந்தது. வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

அக்கா தங்கையின் கையைப் பிடித்தாள். அந்தப் பிடி இரும்பாக இருந்தது.

வாயாடி கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிரே போய் உட்கார்ந்தாள். "வந்தியா? உக்காரு. நல்லா உக்காந்து கேளு. முதல் ஸ்லைடு, நாப்பத்தொண்ணு."

பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழமாயிற்று.

"அடுத்தது சொல்லுடி," என்றாள் அக்கா.

பன்னிரண்டையும் உரக்கச் சொல்லி முடித்தாள். மெத்தை எழும்பவில்லை.

"அவன் ஒத்துக்கற வரைக்கும் விடாதே. மறுபடி முதல்லேருந்து சொல்லு," என்றாள் அக்கா.