பத்தாவது படிவம்

அந்த வீட்டில் யாரும் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பூட்டில் துரு ஏறியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தேன்.

வீடு வீடாகப் போய்க் குழந்தைகள் மருத்துவமனைக்கு நன்கொடை கேட்பது என் வேலை. ஒரு நாளைக்குப் பத்துப் படிவம் நிரப்ப வேண்டும். மூன்று நாள் சேர்ந்தாற்போல் குறைந்தால் வேலை போச்சு. போன வியாழன் எனக்கு அந்த மூன்றாம் நாள், கையில் ஒன்பதுதான். பூட்டியிருந்த அந்தப் பதினேழாம் எண் வீட்டுப் படியில் உட்கார்ந்து பத்தாவதை நானே எழுதினேன். போன் எண்ணுக்குத் தோன்றியதைப் போட்டேன். 'ஏன் உதவ நினைக்கிறீர்கள்?' என்ற கட்டத்தில்தான் கை நின்றது. என் மகள் குட்டியை நினைத்துக்கொண்டு எழுதினேன்.

'எங்கள் மகளுக்கு ஏழு வயது. ஒரு இடத்தில் நிற்கமாட்டாள். திடீரென்று ஒருநாள் கால் விளங்காமல் போய்விட்டது.'

கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் குட்டிதான். அந்த வரியை எழுதும்போது மனசு உறுத்தியது. ஆனாலும் அதை அடித்துவிடவில்லை.

திங்கட்கிழமை லிஸ்ட் சார் கூப்பிட்டார். எங்கள் மேற்பார்வையாளர், லிஸ்ட் இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது.

"பதினேழாம் நம்பர் அம்மாகிட்ட போன்ல பேசினேன். எவ்வளவு தன்மையான பேச்சு! நீங்க போய் அந்தப் பொண்ணை ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. நோட்டீஸ்ல போடலாம்."

சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அந்தச் சிரிப்பின் மேல்தான் சந்தேகம். மனிதர் என் திருட்டைக் கண்டுபிடித்துவிட்டு ஆழம் பார்க்கிறார். போகமாட்டேன் என்றால் நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

நாலு மணிக்குப் போனேன். நல்ல வெயில்.

கதவில் பூட்டு இல்லை.

சார் யாரையோ பிடித்து உள்ளே உட்காரவைத்திருக்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நுழைந்தேன். மருந்து நெடி. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. உள்ளறை இருட்டில் கட்டிலை ஒட்டி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியவில்லை.

"வாம்மா. அலைஞ்சு களைச்சிருப்பே."

"சார்தானே உங்களை இங்க வரச் சொன்னாரு?"

"எந்த சார்? நீதானே எங்களை எழுதினே."

கட்டிலில் புதுத் துணி விரித்து, சின்னத் தலையணை வைத்திருந்தது.

கட்டில் காலி.

"பொண்ணு... எங்க?"

"இன்னும் வரலை." குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "யாராவது கேட்டா, நாங்க இருக்கோம்னு மட்டும் சொல்லிடு. போதும்."

கீழே பார்த்தேன். தரை முழுக்கத் தூசி. அதில் என் செருப்புத் தடம் மட்டும்தான் இருந்தது.

எப்படி ஆபீசுக்கு ஓடிவந்தேன் என்று தெரியாது. உண்மையைக் கொட்டிவிடத்தான் வந்தேன்.

"என்னம்மா, போட்டோ எங்கே?" லிஸ்ட் சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அந்தப் பொண்ணு இருக்கா, இல்லையா?"

அந்தப் பார்வையில் வேலை தெரிந்தது, வாடகை தெரிந்தது. பாழாய்ப்போன என் நாக்கு புரண்டது.

"இருக்கா சார். தூங்கிட்டிருந்தா."

அவர் படிவத்தை எடுத்து, 'நேரில் சரிபார்த்தது' என்று முத்திரை குத்தினார்.

டொக்.

என் போன் அடித்தது. அக்கா. பள்ளிக்கூடம் விட்டதும் குட்டி அவள் வீட்டில்தான் இருப்பாள்.

"சீக்கிரம் வாடி! விளையாடிட்டிருந்த புள்ளை அப்படியே உட்கார்ந்துட்டா. எழுந்திரிக்கவே மாட்டேங்கறா."

நான் போய்ச் சேர்ந்தபோது குட்டி தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் கோணியது.

"எழுந்திரிக்கத்தான் பார்க்கறேன்மா. இந்த அம்மா காலை விடமாட்டேங்கறாங்க."

அறையில் எங்கள் மூவரைத் தவிர யாரும் இல்லை. அக்கா மட்டும் மூக்கைச் சுளித்தாள்.

"என்னடி இது, திடீர்னு மருந்து நெடி?"