நூற்று முப்பத்தொரு நாள் நீண்ட வருகை

"சேவை தொடர்கிறது," என்றது உதவிமானி.

செண்பகவல்லி கதவைச் சாத்திவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். காலை ஏழு மணி. அவள் தோளில் குத்தியிருந்த அந்தச் சாம்பல் நிறப் பொத்தான் தினமும் இந்த நேரத்தில் இதைத்தான் சொல்லும். முன்பெல்லாம் 'சேவை தொடங்குகிறது' என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் புதிய பதிப்பு வந்தபோது ஒரு சொல் மாறியதை அவள் கவனித்தாள். குறிப்பேட்டில் தேதியோடு எழுதியும் வைத்தாள். யாரிடமும் கேட்கவில்லை. எது புரியாவிட்டாலும் குறை தன்னிடம்தான் என்று நினைத்துக்கொள்வது அவள் வழக்கம்.

"வந்துட்டியா? முதல்ல ஒரு நல்ல சேதி கேளு," என்றாள் கட்டிலில் இருந்த பிலோமினா. "ஹால் டிக்கெட் வந்துருச்சு. பதினெட்டாம் தேதி முதல் பேப்பர்."

பத்து வருடங்களுக்கு முன் முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து பிலோமினாவுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவு இல்லை. உறையூரில் இந்தத் தரைத்தள வீட்டில் தனியாக இருந்தபடி சட்டம் படித்தாள். இது கடைசி ஆண்டு. பல்கலைக்கழகம் அவளுக்குக் கொடுத்த கடைசி வாய்ப்பும்கூட. ஆறு தாள்கள். அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஓர் எழுத்துத் துணை வேண்டும். அதுவும் அரசு தரும் சேவைதான்.

செண்பகம் அவளைத் திருப்பிப் படுக்க வைத்து முதுகைத் துடைத்துக்கொண்டே, "எழுத்துத் துணை, ஆறு நாள், தலா நாலு மணி நேரம்," என்று பொத்தானிடம் பதிவு செய்தாள்.

"இயலாது. பெறுநரின் இவ்வாண்டு மீதி, ஆறு மணி நேரம்."

தண்ணீர் வாளிக்குள் துணி நழுவி விழுந்தது.

உதவிமானி வந்தபிறகு யாரும் படிவம் நிரப்புவதில்லை. துணைநல வாரியம் ஒவ்வொரு பெறுநருக்கும் ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் என்று ஒதுக்கும். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, வெளியே அழைத்துப்போவது என்று ஒவ்வொன்றுக்கும் விலைநூலில் ஒரு வரிசை எண் உண்டு. பொத்தான் பேச்சைக் கேட்டு, எந்த வேலை நடக்கிறது என்று புரிந்துகொண்டு, நேரத்தைக் கழித்துக்கொள்ளும். மீதி எவ்வளவு என்று கேட்டால் சொல்லும். ஆனால் கேட்பது 'விளக்கச் சேவை'. அதற்கு அரை மணி நேரம் கழியும். அதனால் யாரும் கேட்பதில்லை.

"நான்தான்க்கா எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன்," என்றாள் செண்பகம்.

"நீ பண்ற தப்பு இவ்வளவு பெருசாவா இருக்கும்? சாயங்காலம் கிளாஸ் இருக்குல்ல? உங்க சார்கிட்ட கேளு."

பணியாளர்களுக்கான விலைவிதி வகுப்பு மாலை ஆறு மணிக்கு, வாரிய அலுவலகத்தின் மாடியில் நடந்தது. ஆயிரத்து நானூறு பக்க விலைநூலைச் சாதாரண மனிதர்களுக்குப் புரியவைப்பதற்கென்றே அரசு 'விலைவிளக்குநர்' என்ற பதவியை உண்டாக்கியிருந்தது. அந்தப் பதவியில் இருந்த திருஞானம் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. செண்பகம் பத்து நாளாகக் கைதூக்க நினைத்துத் தூக்காமலே இருந்தவள். அன்று தூக்கினாள்.

அவர் பிலோமினாவின் பதிவைத் திரையில் திறந்தார். மேலும் கீழும் நகர்த்தினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஜூன் ஒண்ணாந்தேதி காலையில அந்த வீட்டுக்குள்ள போனீங்களாம்மா?"

"ஆமா சார்."

"இன்னும் வெளிய வரல."

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "நூத்தி முப்பத்தோரு நாள். ஒரே வருகை. நடுவுல நடுவுல இடைவேளை. தினமும் கிளம்பும்போது என்ன சொல்வீங்க?"

"போயிட்டு வரேன்னு சொல்வேன் சார்."

திருஞானம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு பலகையில் இரண்டு விதிகளை எழுதினார். விதி நாற்பத்தொன்று: பணியாளர் விடைபெறும்போது வருகை முடிகிறது. விதி நாற்பத்திரண்டு: திரும்பி வருவதாகச் சொல்லிச் சென்றால் அது இடைவேளை, இடைவேளைக்குக் கால் பங்கு நேரம் கழிக்கப்படும், ஏனெனில் பணியாளர் அந்தப் பெறுநருக்காகக் காத்திருக்கிறார்.

பழைய பொத்தான் ஆள் இருக்கும் இடத்தைப் பார்த்தது. தெருத்தெருவாகத் தங்களைப் பின்தொடர்வது கூடாது என்று பணியாளர் சங்கம் போராடி, ஜூன் மாதம் அந்த வசதியை எடுக்க வைத்தது. அன்றிலிருந்து உதவிமானிக்கு இருந்த ஒரே சாட்சி, பேச்சு. நாளுக்கு நான்கு மணி நேரம் வேலை, இருபது மணி நேரம் இடைவேளை. நான்கு கழிய வேண்டிய இடத்தில் தினமும் ஒன்பது கழிந்துகொண்டிருந்தது.

"இங்க எத்தனை பேரு போயிட்டு வரேன்னு சொல்றீங்க?"

நாற்பது கைகளும் உயர்ந்தன.

"பின்ன என்னன்னு சார் சொல்றது?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். "ஒரு வீட்ல நின்னுகிட்டு 'போறேன்'னு சொல்ல முடியுமா? அடிக்க வருவாங்க."

திருத்தத்துக்கு ஒரு வழி இருப்பதாகத் திருஞானம் சொன்னார். 'திரும்பி வரும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை' என்று நாள் ஒன்றுக்கு ஓர் உறுதிமொழி வீதம் செண்பகம் கையெழுத்துப் போட வேண்டும். மணி நேரம் திரும்பிவிடும். ஆனால் எண்ணமில்லாமல் போனவர் 'கைவிட்ட பணியாளர்'. ஒரு வருடத்துக்கு அதே பெறுநர் வீட்டில் வேலை செய்யக் கூடாது.

மறுநாள் இதைக் கேட்டதும் பிலோமினாவுக்குக் கோபம் வந்தது.

"நூத்தி முப்பத்தோரு பொய்ச் சத்தியம்! அதுல கிடைச்ச நேரத்துல நான் சட்டப் பரீட்சை எழுதணுமா?"

"பரீட்சை போயிடும்க்கா. நான் கையெழுத்து போட்டுடறேன். என்னைவிட நல்லா பாத்துக்கற ஆளு கிடைப்பாங்க."

"ஏன், கிளம்பும்போது திரும்பி வர எண்ணம் இல்லாமலா இருந்துச்சு உனக்கு?"

"இருந்துச்சு."

"அப்ப வாயை மூடிக்கிட்டு அந்த விலைநூலை எடு. நீ பக்கத்தைத் திருப்பு, நான் படிக்கிறேன்."

நான்கு நாள் படித்தார்கள். மீதி ஆறு மணி நேரம் தீர்ந்ததும், அன்றாடப் பராமரிப்பை மட்டும் உதவிமானி அடுத்த ஆண்டுக் கணக்கில் கடனாக எழுதிக்கொண்டது. பக்கம் திருப்புவதற்கும் ஒரு வரிசை எண் இருந்தது. ஐந்தாம் நாள், கிளம்புவதற்கு முன் ஊட்டிய சாம்பார் சாதத்துக்கு நடுவில், பிலோமினா வாயைத் திறந்தவள் ஸ்பூனை வாங்காமல் அப்படியே இருந்தாள்.

"விதி ஏழு. இன்னொருவாட்டி காட்டு."

முப்பது நாளுக்கு மேல் ஒரே வீட்டில் தொடர்ந்து இருப்பவர் உடனுறைபவர். உடனுறைபவர் செய்யும் உதவி குடும்பக் கடமை. குடும்பக் கடமைக்கு விலை இல்லை. பணியாளருக்கு ஏற்கெனவே கொடுத்த ஊதியம் திரும்பப் பெறப்படாது.

"ஒன்பது வருஷம் எங்கம்மா என்னைத் தூக்கித் தூக்கியே இடுப்பு ஒடிஞ்சு செத்தாங்க," என்றாள் பிலோமினா மெதுவாக. "இந்த விதியைச் சொல்லித்தான் ஒரு மணி நேரம்கூடக் கொடுக்கல. இன்னைக்கு அது பதில் சொல்லட்டும். முப்பத்தோராம் நாள்லேர்ந்து நீ எங்க வீட்டு ஆளு. உன் வேலைக்கு விலை கிடையாது. பிடிச்ச மணி நேரத்தை எல்லாம் திருப்பிக் கொடுக்கணும்."

மேல்முறையீட்டைச் செண்பகம் எழுதினாள். மூன்று இடத்தில் எழுத்துப்பிழை இருக்குமோ என்று சந்தேகப்பட்டு மூன்று முறை படியெடுத்தாள்.

பதினேழாம் தேதி மாலை நான்கு மணிக்கு, செண்பகத்தையும் வரச் சொல்லிவிட்டு, திருஞானம் ஆணையோடு நேரில் வந்தார். தொள்ளாயிரத்துச் சொச்சம் மணி நேரம் திரும்பியிருந்தது. "வாரியத்துல ஒருத்தருக்கும் பதில் சொல்ல வாய் வரல," என்றார் சந்தோஷமாக. "ஒண்ணே ஒண்ணு பாக்கி. ஒரு பெறுநருக்கு ஒரு நேரத்துல ஒரே சேவைதான் திறந்திருக்கலாம். நாளைக்கு எழுத்துத் துணை தொடங்கணும்னா, இந்தப் பழைய வருகையை இப்பவே முடிக்கணும். சொல்லிடுங்கம்மா."

செண்பகம் கட்டிலைப் பார்த்தாள். விடிந்தால் பரீட்சை.

"சொல்லு செண்பகம். எனக்கு ஒண்ணும் ஆகாது. ஆக வேண்டியதெல்லாம் எப்பவோ ஆயாச்சு."

"போறேன்க்கா," என்றாள்.

"வருகை முடிந்தது," என்றது பொத்தான். "நன்றி, மீண்டும் வருக."

பிலோமினா வெடித்துச் சிரித்தாள். "நம்மளைப் போகச் சொல்லிட்டு அது மட்டும் வரச் சொல்லுது பாரு!"

திருஞானமும் சிரித்தபடி எழுந்தார். வாசலில் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார். "அப்ப வரேம்மா. நல்லா எழுதுங்க."

"இடைவேளை தொடங்குகிறது," என்றது அவர் சட்டைப்பையில் இருந்த பொத்தான். "விளக்கச் சேவை திறந்திருக்கிறது."

அந்த வாரம் முழுவதும் இந்த விதியை நாற்பது பேருக்குப் பாடம் எடுத்தவர் அவர். வாசற்படியில் நின்று இரண்டு முறை தொண்டையைச் செருமினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"சேவை தொடர்கிறது."

"சாருக்கு ஒரு காபி போடு," என்றாள் பிலோமினா. "அந்தச் சொல்லு வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பாரு."

காபி குடித்து முடித்து, தம்ளரைக் கீழே வைத்து, தரையைப் பார்த்துக்கொண்டே அவர் அதைச் சொன்னார். பிலோமினா மறுநாள் பரீட்சை எழுதினாள். ஆறு தாளிலும் தேறினாள்.

வாரியம் பொத்தானை மாற்றவில்லை. மனிதர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. ஊர் முழுவதும் பணியாளர்கள் 'போகிறேன்' என்று சொல்லப் பழகினார்கள். சொல்லி, வருகை முடிந்ததும், பொத்தானைக் கழற்றிக் கைக்குள் பொத்திக்கொண்டு, வாசலில் நின்று "போயிட்டு வரேன்" என்று இன்னொரு தடவை சொன்னார்கள். அதற்கு ஒரு நிமிடம் ஆனது. மாதம் பல லட்சம் நிமிடங்கள் பொத்தான்கள் ஒன்றும் கேட்காமல் கிடப்பதை வாரியம் கண்டுபிடித்தது. ஊதியமில்லாத உழைப்பு எங்கும் இருக்கக் கூடாது என்பது வாரியத்தின் உறுதியான கொள்கை. பிலோமினாவின் மேல்முறையீட்டுக்குப் பிறகு அந்தக் கொள்கை இன்னும் உறுதியாகியிருந்தது.

ஏப்ரலில் வந்த புதிய விலைநூலில் ஒரு வரிசை கூடியிருந்தது. 'மீண்டும் வருவதாகச் சொல்லுதல்: மன ஆதரவுச் சேவை. குறைந்தபட்ச அளவு, கால் மணி நேரம்.' புதிய பொத்தானை வீட்டை விட்டு வெளியே வந்தபிறகுதான் கழற்ற முடியும்.

செண்பகம் வகுப்பில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தினமும் சொன்னால் வருடத்துக்குத் தொண்ணூற்றொரு மணி நேரம். பிலோமினா நீதிமன்றத்துக்குப் போய்வர வைத்திருந்த நேரம் அதுதான். கணக்குத் தப்பாக இருக்குமோ என்று மறுபடி போட்டாள். சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் பதினொரு மணிக்குக் கிளம்பினாள்.

"போறேன்க்கா."

"ம்," என்றாள் பிலோமினா.

வேறொன்றும் சொல்லாமல் செண்பகம் படியிறங்கினாள். சித்திரை வெயில் தெருவில் வெள்ளையாக விழுந்து கிடந்தது.

"செண்பகம்! குடையை விட்டுட்டுப் போறியே!"

"தெரியும்க்கா."

கதவோரம் சாய்த்து வைத்திருந்த குடையையே பிலோமினா பார்த்துக்கொண்டிருந்தாள். விலைநூலில் குடைக்கு வரிசை எண் இல்லை. உதவிமானி வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் யோசித்தது.

"வருகை முடிந்தது," என்றது தெருவிலிருந்து. "நன்றி, மீண்டும் வருக."