ஓரத்தில் வெளுப்பது

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டில், சோள ரொட்டி சுற்றிய துணி ஒதிலியாவைத் தாண்டிப் போனது. கணவன் அபுந்தியோ மகன் சேமாவிடம் கொடுத்தான். சேமா அத்தை கசில்தாவிடம் கொடுத்தான். அத்தை திரும்ப அபுந்தியோவிடம். யாரும் வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு என்னவோ போலிருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் என்று அவள் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தைப் பூட்டி மின்சாரத்தையும் நிறுத்திவிட்டார்கள். பாலைவனக் குளத்து நுண்ணுயிர்களை ஓயாமல் குலுக்கும் இயந்திரம் நின்றால் அவை காற்றில்லாமல் செத்துவிடுமே என்று, குடுவையை வீட்டுக்குத் தூக்கி வந்து, அகலத் தட்டில் ஊற்றி, அடுக்களைத் தரையில் வைத்திருந்தாள்.

"ஊரே பண்டிகைக்குப் பலகாரம் செய்யுது. எங்க வீட்டம்மா கிருமிக்குப் பாய் விரிச்சிருக்கா," என்றான் அபுந்தியோ.

"அதுங்களாவது சமைச்சுப் போடுமான்னு கேளுண்ணே. அண்ணிக்கு உக்காந்து சாப்பிட மட்டுந்தானே தெரியும்!"

ஒதிலியாவும் சிரித்தாள். கசில்தா சொன்னது பொய்யில்லை.

அந்த நுண்ணுயிர்களைக் குலுக்கிக்கொண்டே இருந்தால், ஒன்று கசியவிடும் சத்தை எது வேண்டுமானாலும் தின்னும். கொடுக்காமல் தின்பதுதான் கொழுக்கும், கடைசியில் எல்லாமே சாகும். அசையாமல் விட்டால் கதை வேறு. கொடுப்பவை ஒன்றையொன்று தேடி ஒட்டிக்கொள்ளும், சும்மா தின்பது ஓரத்துக்குத் தள்ளப்பட்டுப் பட்டினியில் வெளுக்கும். இதை எத்தனையோ தட்டுகளில் பார்த்தவள் அவள்.

சனிக்கிழமை மதியம், வெயிலுக்காக ஜன்னல்களைச் சாத்திய வீட்டில், எதைத் தின்றும் அடங்காத பசியோடு அவள் கண்விழித்தபோது, அழுகிய முட்டையும் ஈர உப்பும் கலந்த குள நாற்றம் கூடம் முழுக்க நிரம்பியிருந்தது, எங்கோ பால் குடிக்கும் குழந்தையின் வாய்ச்சத்தம்போல ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அடுக்களையில் தட்டு காலியாக இருந்தது. அதன் விளிம்பிலிருந்து பச்சை வழவழப்பு தரையில் படர்ந்து, சேமாவின் அறைக் கதவுக்கடியில் நுழைந்திருந்தது.

"சேமா?"

வாய்ச்சத்தம் நின்றது. மறுபடி தொடங்கியது.

கதவைத் தள்ளினாள்.

மூவரும் தரையில் கிடந்தார்கள். நெருக்கமாக. மிக நெருக்கமாக. சேமாவின் கன்னம் அப்பாவின் தோளில் முடியவில்லை, தோளாகவே தொடர்ந்தது. கசில்தாவின் விரல்கள் அவன் முதுகுக்குள் போயிருந்தன. ஒருவர் வாயிலிருந்து வழிந்ததை அடுத்தவர் தோல் உறிஞ்சியது.

அவள் பாய்ந்து மகனின் கையைப் பிடித்து இழுத்தாள். ஏதோ கிழிந்தது.

"இழுக்காதம்மா. பிரிச்சா செத்துருவேன்."

மூன்று வாய்களும் சொல்லின. மூன்றிலும் சேமாவின் குரல்.

பிரித்துக் கலைத்தால் என்ன ஆகும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? கையை விட்டாள். அப்படியே பின்னால் நகர்ந்தாள். மூலைச் சுவர் முதுகில் இடித்தது. பசித்தது. நெஞ்சு வெடிக்கும் துக்கத்திலும் பசித்தது. அவளுடைய நகங்கள் வெளுத்திருந்தன.

"என்னையும் சேத்துக்கடா, கண்ணா..."

சேமா அவளைப் பார்த்தான். கோபமில்லை, அவளை அடையாளம் தெரிந்ததாகவும் இல்லை. பிறகு முகத்தை மெதுவாக உள்பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் பின்னந்தலையின் மேல், ஈரப் பச்சைத் தோல் சத்தமில்லாமல் வந்து மூடியது.