வாரேன் கண்ணு

அந்த வீட்டை வசந்தாமணி பிடித்ததற்கு ஒரே காரணம், அதில் டெலிபோன் இருந்தது. புதிதாக இணைப்பு கேட்டு எழுதிப்போட்டால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. சாய்பாபா காலனிக்குப் பின்னால், ஓட்டுக்கூரை போட்ட பழைய வீடு. முன்னறையில் ஜன்னலோரம் கறுப்பு டெலிபோன். அங்கிருந்து பின்கட்டு வரை வெளிச்சம் குறைந்துகொண்டே போகும் ஒரு நீண்ட நடை. வீட்டுக்காரர் கந்தப்பன் சாவியைக் கொடுத்துவிட்டு, சிறுவாணித் தண்ணீர் தவறாமல் வரும் என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு மில் ஆபீசில் டைப்பிஸ்ட். கணவன் பாலகோபால் வேலை பார்த்த மில் மூடப்பட்ட பிறகு, அவன் மோட்டார் விற்பனைக்காக அந்தியூர், மேட்டுப்பாளையம் என்று ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தான். அந்த வருமானம் போதவில்லை. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கணபதியிலும் பீளமேட்டிலும் மோட்டார், கிரைண்டர் செய்யும் சின்னப் பட்டறைகள் நிறைய. முதலாளியே லேத்தில் நிற்பார். போன் எடுக்க ஆள் இருக்காது. தன் வீட்டில் இருந்தபடியே, தானே அவர்கள் எல்லோருக்கும் ஆபீசாக இருந்தால் என்ன?

பட்டறைக்காரர்கள் அவளுடைய நம்பரைத் தங்கள் லெட்டர்பேடில் அச்சடித்துக்கொண்டார்கள். மணி அடித்ததும் "வணக்கம், ஆபீசுங்க" என்பாள். எதிர்முனை எந்தக் கம்பெனியைக் கேட்கிறதோ, அந்த நொடியே அந்தக் கம்பெனியின் ஆளாகிவிடுவாள். ஆர்டர் குறிப்பாள், கொட்டேஷன் அடிப்பாள், யார் எப்போது யாரைப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்வாள். குரலில் அவ்வளவு மரியாதை, அவ்வளவு பொறுமை.

மிச்சமிருந்த பொறுமைதான் வீட்டுக்கு.

மூத்தவள் ரித்திகா மத்தியானம் பள்ளியிலிருந்து வந்துவிடுவாள். சின்னவன் மிதுன் அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கப் பழகியிருந்தான். துணைக்கு வரச் சொல்லி மாமியாரைக் கேட்டுப் பார்த்தாள். பொம்பளை ஊட்டுக்குள்ள ஆபீஸ் நடத்த நான் ஆயா வேலை பாக்கோணுமா என்று அங்கிருந்து பதில் வந்தது. ஆகவே பிள்ளைகள் உள்ளிருந்து கூப்பிடும்போதெல்லாம், போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "இதா வாரேன் கண்ணு" என்று குரல் கொடுப்பாள். கொடுத்துவிட்டு, பேச்சைத் தொடர்வாள்.

ஒரு மத்தியானம், தொட்டிலில் மிதுன் வீறிட்டு அழுதான். அவள் வழக்கம்போலக் குரல் கொடுத்தாள். அழுகை நின்றது. தொட்டில் கயிறு உத்தரத்தில் கிறீச், கிறீச் என்று உரசும் சத்தம் சீராகக் கேட்டது. போனை வைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

ரித்திகா இன்னும் பள்ளியிலிருந்து வரவில்லை.

நடையில் ஓடினாள். தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான். அறையில் காற்றே இல்லை. விளக்கில் சுட்ட வசம்பின் வாசம் மட்டும், யாரோ அப்போதுதான் குழந்தைக்கு இழைத்துப் போட்டதுபோல, கெட்டியாக நின்றது. அந்த வீட்டில் வசம்பு கிடையாது.

இரண்டொரு நாள் கழித்துத் துணி உலர்த்தும்போது, அடுத்த வீட்டு ஜன்னத் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவள் பிறந்து வளர்ந்ததே அந்த அடுத்த வீட்டில்தான்.

"ஏனுங்க அக்கா, உங்க மாமியா வந்திருக்காங்களாட்ட இருக்குது. மத்தியானத்துல நல்லாத் தாலாட்டுப் பாடறாங்க."

வசந்தாமணியின் கையில் ஈரத்துணி கனத்தது.

"ஆமாங்க. வந்திருக்காங்க" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அதன்பிறகு அவள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டாள். அவள் போனில் இருக்கும்போது மட்டுமே அது வந்தது. பிள்ளை கூப்பிடும், அவள் முன்னறையிலிருந்து "இதா வாரேன்" என்பாள், பின்கட்டில் ஒரு தேய்ந்த குரல், "வாரேன் கண்ணு" என்னும். பாதம் தரையில் இழுபடும் சத்தம் கேட்கும். பிறகு பிள்ளையின் சிரிப்பு.

பாலகோபால் ஊரிலிருந்து வந்ததும் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"புள்ளைகளப் பாத்துக்க ஒரு ஆள் இருக்குதுன்னா நல்லதுதான அம்மணி. சும்மா உக்காந்து போன் எடுக்கறவளுக்கு இதுல என்ன கஷ்டம்?"

மறுநாள் போன் அடித்தபோது எடுத்தாள். அதற்கடுத்த நாளும் எடுத்தாள். புதிதாக இரண்டு கம்பெனிகள் வந்து சேர்ந்திருந்தன. உள்ளே பிள்ளை அழுதால் முன்போல் நடைப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. சற்று நேரத்தில் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். பயம் இருந்தது. பயத்தைவிட, அது வசதியாக இருந்தது.

பிறகு அவள் குரல் கொடுப்பதையும் விட்டுவிட்டாள்.

மழை மூட்டமான ஒரு நாள், பெரிய ஆர்டர் ஒன்றைப் பேசி முடித்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். வடித்த கஞ்சிச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. கஞ்சி ஆறி, தரையில் ஆடை கட்டியிருந்தது. ரித்திகா கால்நீட்டி உட்கார்ந்திருந்தாள். புறங்காலில், நைந்த வெள்ளைச் சேலைக் கிழிசலால் நேர்த்தியாக ஒரு கட்டு.

வசந்தாமணியிடம் வெள்ளைச் சேலையே இல்லை.

"ஏன் சாமி என்னைக் கூப்பிடல?" என்று கேட்டாள்.

"கூப்பிட்டனே. ஆத்தா வந்தாங்க" என்றாள் குழந்தை. கட்டை அவிழ்த்துப் பார்க்கப் போன அம்மாவின் கையைத் தள்ளிவிட்டாள்.

அன்று சாயங்காலம் மதிலோரம் நின்று ஜன்னத்திடம் உண்மையைச் சொன்னாள். ஜன்னத், தன் அம்மா எப்போதோ சொன்னதை மெதுவாகச் சொன்னாள். கந்தப்பனின் அக்கா தெய்வாத்தாள், கல்யாணமான வருசமே புருசனைப் பறிகொடுத்து அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் இடுப்பில் சுமந்து வளர்த்தது அவள்தான். கடைசிக் காலத்தில் பின்கட்டு அறையில் படுத்த படுக்கையாகி, தண்ணிக்கும் திரும்பிப் படுக்கவும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். ஆளாளுக்கு முன்னறையிலிருந்து குரல் கொடுப்பார்களாம்.

"இதா வாரேன், இதா வாரேன்னு எங்க ஊடு வரைக்கும் கேக்குமாமுங்க. ஒருத்தரும் போகலீங்க" என்றாள் ஜன்னத்.

வேறு வீடு பார்க்க வேண்டும் என்று வசந்தாமணி முடிவெடுத்தாள். ஆனால் டெலிபோன் இருக்கும் வீடு எங்கே கிடைக்கும்? இந்த மாதம் போகட்டும் என்று தள்ளினாள்.

அந்த மாதமே ஒரு மத்தியானம், கரண்ட் போயிருந்தது. மேட்டுப்பாளையம் பாக்கு மண்டிக்காரர் ஒருவர் மோட்டார் விலை கேட்டுக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே திரும்பியவள், மிதுன் சுவரைப் பிடித்தபடி நடையில் உள்நோக்கிப் போவதைக் கண்டாள். அவனுக்கு முன்னால், நடையின் கடைசியில், இருட்டு ஒரு ஆள் உயரத்துக்குத் திரண்டு நின்றது.

ரிசீவர் அவள் கையிலிருந்து நழுவியது.

"மிதுன், இங்க வா கண்ணு."

குழந்தை நின்றான். திரும்பிப் பார்த்தான்.

"வா கண்ணு."

இது அவள் சொல்லவில்லை.

அதே சொல். ஆனால் அதில் அவசரம் இல்லை. வேறு வேலை எதுவும் இல்லாத குரல்.

குழந்தை இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, சுவரை விட்டுவிட்டு, முதல்முறையாகத் தானே நடந்தான்.

அவளை நோக்கி அல்ல.

பாய்ந்து அவன் கையைப் பற்றினாள். வசம்பு வாசம் மூச்சை அடைத்தது. இழுத்தாள். வரவில்லை. அவனுடைய மறுகை இருட்டுக்குள் நீண்டு, எதிலோ சிக்கி நின்றது. இன்னும் பலமாக இழுத்தாள். குழந்தை வலியில் கத்தினான்.

உடனே அந்தப் பக்கப் பிடி தளர்ந்தது.

பிள்ளைக்கு வலிக்கக் கூடாது என்று விட்டுக்கொடுத்ததுபோல.

அவனை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடியபோது, தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரில் மண்டிக்காரர், ஆபீசுங்களா, ஆபீசுங்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். குழந்தை அவள் தோளுக்கு மேலாக நடையைப் பார்த்து, "ஆத்தா, ஆத்தா" என்று கைகளை நீட்டி அழுதான்.

அந்த வாரமே சிங்காநல்லூரில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோனார்கள். அங்கே டெலிபோன் இல்லை. பட்டறைக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு ஏற்பாடு செய்துகொண்டார்கள். பேய்க்குப் பயந்து நல்ல பொழப்பை உட்டுப்போட்டு வந்துட்டா என்று பாலகோபால் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

இப்போது அவளுக்கு நாள் முழுக்க நேரம் இருந்தது. பிள்ளைகளுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்ட குரலுக்கு ஓடக் காத்திருந்தாள்.

அவர்கள் கூப்பிடவே இல்லை.

ஒரு மத்தியானம் மிதுன் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் போட்டிருந்தது. அவனுடைய ஒரு கை மட்டும், எந்தத் தாங்கலும் இல்லாமல், பாய்க்கு மேலே காற்றில் உயர்ந்து நின்றது. கை மரத்துப்போகுமே என்று இறக்கிவிடப் பார்த்தாள். இறங்கவில்லை. அவன் விரல்கள் எதையோ சுற்றி இறுக மூடியிருந்தன, நடக்கப் பழகும் பிள்ளை பெரியவர் விரலைப் பிடித்திருப்பதுபோல.

வசந்தாமணி பக்கத்தில் மண்டியிட்டு, தன் சுண்டுவிரலை அந்தச் சின்ன முஷ்டிக்குள் மெல்ல நுழைக்கப் பார்த்தாள்.

உள்ளே சில்லென்று இருந்தது.

அவள் விரலுக்கு அங்கே இடமில்லை.