சந்தனப் பொட்டு வைத்த சிடி

பெத்தணனின் உயிருக்கு ஏழாயிரம்பண்ணையில் பேசி முடித்த விலை இருபதாயிரம் ரூபாய். அதுவும் பட்டாசுக் கம்பெனி முதலாளி கனகசபாபதி ஐயாயிரத்தில் ஆரம்பித்து, முனகி முனகி ஏறி வந்தது. மிளகாய் வத்தலுக்குக்கூட விருதுநகரில் இதைவிடக் கௌரவமாகப் பேரம் பேசுவார்கள்.

வெடிவிபத்தன்று அவன் வேலைக்கே வரவில்லை, சும்மா எட்டிப் பார்க்க வந்து கருகினான் என்பது முதலாளியின் கட்சி. வந்தான் என்பதற்கு ஒரே சாட்சி, ஆபீஸ் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த கைரேகைப் பெட்டி. தொழிலாளி பெருவிரல் வைத்தால் வருகை பதிவாகும். அதை இயக்கும் மென்பொருளான பர்ம்வேரைப் புதிதாக ஏற்றினால் பழைய பதிவெல்லாம் அழிந்துவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

2008 தீபாவளி சீசனுக்கு முன்னால், ஒரு பிற்பகலில் கம்ப்யூட்டர் மெக்கானிக் ஜெயசுந்தர் வந்து இறங்கியபோது அவனுக்கு இது எதுவும் தெரியாது. கேட்டருகே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஆபீஸில் கந்தக வாடை; அதற்கடியில் பொசுங்கிய மயிரின் நாற்றம். அதன் நடுவே கனகசபாபதி வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

பர்ம்வேர் ஏற்ற, கம்ப்யூட்டரை சிடியிலிருந்து கிளப்ப வேண்டும். ஜெயசுந்தர் அப்படிக் கிளப்புவதற்கான கோப்பை, பூட் இமேஜைத் தயாரித்து, தன் லேப்டாப்பில் சிடி எழுதி, முதலாளியிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனான். திரும்பி வந்து போட்டால், பூட் ஆகவில்லை.

வெளியே எடுத்தான். பளபளக்கும் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும்.

“என்ன அண்ணாச்சி இது?”

“புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காம ஏத்துவாகளா தம்பி? அந்தப் பக்கம் எழுத்தா இருந்துச்சு. இங்கன வச்சேன்.”

“படிக்கிற பக்கமே இதான். கண்ணுல சந்தனத்தை அப்பிட்டுப் படி படின்னா எப்படிப் படிக்கும்?”

துடைத்தான். சந்தனம் போயிற்று. அடியில் ஒரு பெருவிரல் ரேகை, வெள்ளி நிறத்தில்.

துடைக்கத் துடைக்கப் போகவில்லை.

இமேஜைப் புதிதாகத் தயாரித்து, உறை பிரிக்காத சிடி ஒன்றில் வேகத்தைக் குறைத்து எழுதினான். வெதுவெதுப்பாக வெளியே வந்தது.

அதே இடத்தில் அதே விரல்.

நகத்தால் சுரண்டினான். பாலாடைபோல் உரிந்து, நகக்கண்ணில் ஈரமாக ஒட்டிக்கொண்டது. முகர்ந்து பார்த்திருக்கக் கூடாது. ஜன்னலுக்கு ஓடி வாந்தி எடுத்தான்.

“யாரு விரல் அண்ணாச்சி?”

“யாருதா இருந்தா என்ன. வெடிமருந்துல வேலை பாக்குறவன் கையெல்லாம் அலுமினியப் பொடி ஒட்டி வெள்ளிதான்.”

கேட்டருகே இருந்த பெண் ஜன்னலுக்கு வந்திருந்தாள்.

“கம்ப்யூட்டர் பாக்க வந்தீகளா அய்யா? நான் பெத்தணன் சம்சாரம், சண்முகத்தாய். எங்க வீட்டுக்காரரு அன்னைக்கு விரலை வச்சுட்டுத்தான் உள்ள போனாக. பெட்டியில இருக்கும். பாத்துச் சொல்லுங்க.”

ஜெயசுந்தர் பையை மூடினான். “வேற ஆளைப் பாருங்க அண்ணாச்சி.”

“எழுதிட்டேல்ல. பட்டனை அமுக்க எனக்குத் தெரியாதாக்கும்.”

சுரண்டிய சிடியை வேட்டி நுனியில் துடைத்து, கனகசபாபதியே உள்ளே தள்ளினார்.

இம்முறை பூட் ஆனது.

எல்லாம் அழியும், சம்மதமா என்று திரை கேட்டது. பஜ்ஜி எண்ணெய் விரலால் அமுக்கினார்.

கைரேகைப் பெட்டி இருண்டு, மறுபடி ஒளிர்ந்தது. நாற்றம் தொண்டைக்குள் இறங்கியது. விரல் வைக்கும் கண்ணாடியில் ஆவி படிந்தது.

பெட்டியருகே ஆள் இல்லை.

விரலை ஏற்றுக்கொண்டால் பெட்டி எழுப்பும் சத்தம், ஒருமுறை கேட்டது.

திரையில் கணக்கு வந்தது.

பதிவிலுள்ள ரேகைகள்: 0

இன்று வேலைக்கு வந்தவர்கள்: 1